மோஷாவ்: அடுப்பு தனி, கணக்கு ஒன்று

இஸ்ரேலிய உழவு என்று பேச்செடுத்தால் முதலில் சொட்டுநீர்ப் பாசனம் வரும், அடுத்து கிப்புட்ஸ் வரும். "அங்கே நிலம் எல்லாருக்கும் பொது, சமையல் பொது, சம்பளமே கிடையாது" என்பார்கள். கிப்புட்ஸின் பழைய காலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் யூதக் குடியேறிகள் அமைத்த உழவு ஊர்களில் எண்ணிக்கையில் பெரியது கிப்புட்ஸ் வகை அல்ல. கிப்புட்ஸ்கள் ஏறக்குறைய 270. மோஷாவ் எனப்படும் ஊர்கள் 400க்கு மேல். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், மோஷாவ் எதில் வென்றது, எந்த இடத்தில் உடைந்தது என்பது யாருக்கும் பிடிபடாமல் போகிறது.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்

மூன்று அண்ணன் தம்பிகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பணம் ஒரே பெட்டிக்குப் போகிறது. யாருக்கு என்ன தேவையோ அது அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. இது கிப்புட்ஸ்.

அதே மூவர் தனித்தனியாகக் குடித்தனம் போகிறார்கள். வீடு தனி, அடுப்பு தனி, மாடு தனி, வருமானமும் தனி. ஆனால் மாட்டுத் தீவனத்தை மூன்று வீட்டுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குகிறார்கள். பாலையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரே விலைக்கு விற்கிறார்கள். ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்ற இருவரும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர்கள் அவர் மாட்டைக் கறக்கிறார்கள். இது மோஷாவ்.

மூவரும் முற்றிலும் பிரிந்து, அவரவர் நிலம், அவரவர் கூலியாள், அவரவர் வியாபாரம் என்று இருந்தால் அது மோஷாவா. 'மோஷாவா' என்று நெடிலில் முடியும் இந்தச் சொல் வேறு, மோஷாவ் வேறு. செய்திகளில் இவை இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

வரிசை: முதலில் மோஷாவா, கடைசியில் மோஷாவ்

1878இல் பெத்தா திக்வா, 1882இல் ரிஷோன் லெசியோன் என்று தொடங்கியவை மோஷாவாக்கள். தனியார் நிலம், திராட்சை, பிறகு ஆரஞ்சு. இவற்றில் பல கடனில் தள்ளாடி, பிரெஞ்சு வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த எட்மண்ட் த ரோத்ஷில்டின் பணத்தால் பிழைத்தன. பணத்தோடு அவருடைய மேலாளர்களும் வந்தார்கள். என்ன பயிர் வைப்பது என்று அவர்கள் சொன்னார்கள்; வயல் வேலையில் பெரும்பங்கை அரபுக் கூலியாட்கள் செய்தார்கள். குடியேறியவர் பெயரளவில் உழவர், நடைமுறையில் மேற்பார்வையாளர் என்று ஆனது.

இதற்கு மறுப்பாக 1910இல் கின்னரேத் (கலிலேயக் கடல்) ஏரிக்கரையில் தெகானியா எழுந்தது. அதுதான் கிப்புட்ஸ் முறையின் முதல் ஊர். கூலியாள் இல்லை, தனிச் சொத்தும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள், அதற்குள்ளேயே இருந்த சிலருக்கு அது இறுக்கமாகப்பட்டது. குழந்தை பிறந்ததும் குடும்பத்துக்கென்று ஒரு மூலை வேண்டும் என்றார்கள். என் உழைப்பின் பலன் என் தொழுவத்தில் தெரிய வேண்டும் என்றார்கள். அதே சமயம் கூலியாளை வைத்துப் பிழைக்கும் மோஷாவாவுக்குத் திரும்பவும் அவர்கள் தயாராக இல்லை. இந்த நடுவழிக்கான விதிகளை எலியேசர் யாஃபே 1919இல் ஒரு சிறு நூலாக எழுதினார். 1921 செப்டம்பரில் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் நஹலால் நிறுவப்பட்டது. அதுவே முதல் மோஷாவ். பின்னாளில் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரான மோஷே தயான் தெகானியாவில் பிறந்து நஹலாலில் வளர்ந்தவர். அவர் பெற்றோர் இந்த இடமாற்றத்தைச் செய்தவர்கள்.

இந்த நிலம் வெறுமனே கிடந்த நிலம் என்று எழுதுவது தவறு. பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பெய்ரூத்தில் இருந்த சுர்சோக் என்ற பெருநிலக்கிழார் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. யூத தேசிய நிதியம் அதைப் பணம் கொடுத்து வாங்கியது. ஆனால் அங்கே குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த அரபுக் குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. நஹலாலின் கதையில் சதுப்பு நிலத்தை வடித்ததும் உண்டு, மலேரியாவும் உண்டு. அந்தக் குத்தகைதாரர்களும் உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட முடியாது.

இதுவரை பார்த்தது: மோஷாவா தனியார் ஊர், கிப்புட்ஸ் ஒரே பெட்டி, மோஷாவ் தனி வீடும் பொது வாங்கல்-விற்றலும். வரலாற்றில் மூன்றாவதாக வந்தது, முதல் இரண்டின் குறைகளையும் பார்த்துவிட்டு வந்தது.

சக்கரம் போல் ஏன் ஒரு ஊர்?

நஹலாலை வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு பெரிய வண்டிச் சக்கரம், சற்றே நீள்வட்டம். ஜெர்மனியில் பிறந்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன் வரைந்தது. நடுவில் பள்ளி, கூட்டுறவுக் கடை, அலுவலகம், ஆசிரியர் போன்றோரின் வீடுகள். அதைச் சுற்றி ஒரு வளையச் சாலை. சாலையோரம் உழவர் வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் தொழுவம், கோழிக் கொட்டகை, அதற்கும் பின்னால் விசிறி போல விரியும் வயல்.

பார்க்க அழகு. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கடினமான கணக்கு இருக்கிறது. 80 குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 தூனம். தூனம் என்பது 1,000 சதுர மீட்டர். ஆகவே 100 தூனம் 10 ஹெக்டேர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 ஏக்கர்.

இந்த 25 ஏக்கரைச் சதுரமாகக் கொடுத்து நடுவில் வீடு கட்டினால், ஒரு பக்கம் 316 மீட்டர் வரும். அடுத்த வீடு 300 மீட்டர் தள்ளி. 80 வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டால் 25 கிலோமீட்டர் தாண்டும். குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போக முடியாது. இரவில் ஆபத்து என்றால் குரல் எட்டாது.

மாறாக, ஒவ்வொரு வீட்டுக்கும் சாலையோரம் 40 மீட்டர் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 80 வீட்டுக்கு 3.2 கிலோமீட்டர் வளையச் சாலை போதும். வளையத்தின் எந்த வீட்டிலிருந்தும் நடுப்பகுதி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் 40 மீட்டர் அகலத்தில் 100 தூனம் வேண்டுமென்றால் மனை 2,500 மீட்டர் நீளத்துக்கு ஓடும். கலப்பை ஓட்ட இது உதவாத வடிவம். ஆகவே மோஷாவ்களில் நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது. வீட்டை ஒட்டி ஒரு துண்டு: தினமும் பலமுறை போக வேண்டிய மாடு, கோழி, காய்கறி அங்கே. தானியமும் தீவனப் பயிரும் தூரத்து வயலில். அங்கே வாரத்துக்குச் சில நாள் போனால் போதும்.

ஆப்பு வடிவ வயலில் இன்னொரு தொல்லை உண்டு. மையத்துக்குப் பக்கம் குறுகி, வெளியே போகப் போக அகலும். சால் நேராக ஓடாது, மூலைகள் வீணாகும். பிற்காலத்து மோஷாவ்களில் பெரும்பாலானவை வட்டத்தைக் கைவிட்டு, சாலையின் இரு பக்கமும் நேர்வரிசையாக வீடு கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

100 தூனம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

மோஷாவின் இதயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிலத்தின் அளவைத் தீர்மானித்தது விலையோ தகுதியோ அல்ல, ஒரு குடும்பத்தின் கை. வெளியாள் வைக்காமல் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்து எவ்வளவு பயிர் செய்ய முடியுமோ அவ்வளவு. அதற்கு மேல் கொடுத்தால் கூலியாள் தேவைப்படும். கீழே போனால் வயிறு நிறையாது. கூலியாள் கூடாது என்ற இந்த விதிக்குச் சுய உழைப்பு என்று பெயர்.

மானாவாரியில் 100 தூனம் தேவைப்பட்டது. பாசனம் வந்த இடங்களில் அதே குடும்பத்துக்கு 30, 40 தூனம் போதுமானதாக ஆனது. ஏனென்றால் ஒரு தூனத்தில் வேலையும் கூடுகிறது, விளைச்சலும் கூடுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய இந்த முழு அலகை, வீடு, தொழுவம், வயல் எல்லாம் சேர்த்து, நஹலா என்பார்கள். ஊர்ப் பெயரான நஹலாலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிலம் உழவருக்குச் சொந்தமில்லை. தேசிய நிதியத்திடமிருந்தோ, பின்னாளில் அரசிடமிருந்தோ 49 ஆண்டுக் குத்தகை; அது முடிந்ததும் புதுப்பிக்கலாம். துண்டு போட்டு விற்க முடியாது.

பயிர்முறையும் இந்தக் கையளவுக் கணக்கிலிருந்தே வந்தது. ஒரே பயிர் வைத்தால் அறுவடை மாதத்தில் ஆள் போதாது, மற்ற மாதங்களில் வேலை இராது. எனவே மாடு, கோழி, தீவனம், காய்கறி, கொஞ்சம் பழமரம் என்று கலந்து வைத்தார்கள். வேலை ஆண்டு முழுதும் பரவும். சாணம் வயலுக்குப் போகும், தீவனம் தொழுவத்துக்கு வரும். பால் காசு அடிக்கடி கைக்கு வருவதால் தானியத்தின் அறுவடை வரை கடன் வாங்காமல் காத்திருக்க முடியும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும்.

சுருக்கமாக: குடும்பத்தின் உழைப்பு எவ்வளவோ நிலம் அவ்வளவு, நிலம் எவ்வளவோ அதற்கேற்ற கலப்புப் பண்ணை.

பணம் போகும் பாதை

மோஷாவைப் புரிந்துகொள்ள அதன் பழைய பால் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஊரின் உழவர்கள் எல்லாரும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூடும், குழுவைத் தேர்ந்தெடுக்கும். ஒரு செயலாளர், ஒரு கணக்கர். பெரிய ஊர்களில் கணக்கர்தான் உண்மையில் சக்தி வாய்ந்த மனிதர்.

மாதத் தொடக்கத்தில் சங்கம் மொத்தமாகத் தீவனம் வாங்கி உழவர் பேரில் பற்று எழுதும். உழவர் தினமும் ஊர்ப் பால் நிலையத்தில் பால் ஊற்றுவார். பால் அங்கிருந்து, 1926இல் தொடங்கி அன்று விற்பனைக் கூட்டுறவாக இருந்த த்னுவாவுக்குப் போகும். த்னுவா பணத்தை உழவர் கையில் கொடுக்காது. சங்கத்தின் கணக்கில் போடும். சங்கம் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மிச்சத்தை உழவருக்கு வரவு வைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: பால் 10,000. தீவனம் 5,500, தண்ணீரும் மின்சாரமும் 800, கடன் தவணை 1,200, ஊர்ச் செலவுப் பங்கு 500. ஆகக் கழிவு 8,000, கைக்கு 2,000.

இதன் பலம் என்ன? வங்கி 80 தனி உழவர்களை ஆராய வேண்டியதில்லை. சங்கம் என்ற ஒரே ஆளுக்குக் கடன் கொடுக்கிறது. விளைச்சல் பணம் சங்கத்தின் வழியாக மட்டுமே வருவதால் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறது. அடமானம் வைக்கச் சொந்த நிலம் இல்லாத ஒருவருக்கும் மாடு வாங்கக் கடன் கிடைக்கிறது. இந்த அமைப்பைத் தாங்கிய தூணின் பெயர் பரஸ்பர உத்தரவாதம்: சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் பொறுப்பு.

தூணே எப்படிச் சுமையானது

பரஸ்பர உத்தரவாதம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: எல்லாருடைய விளைச்சலும் சங்கத்தின் வழியாகவே போகும். அது உடைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

60 வீட்டு ஊர். 10 பேரால் ஆளுக்கு 1 லட்சம் கட்ட முடியவில்லை. மொத்தம் 10 லட்சம். மீதி 50 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 20,000. வலிக்கும், ஆனால் தாங்கலாம். அந்த 50 பேரில் 10 பேர் யோசிக்கிறார்கள்: "பாலை வெளியே ஒரு வியாபாரிக்கு விற்றால் சங்கம் பிடிக்க முடியாதே." அவர்கள் விலகியதும் அவர்களுடைய சொந்தக் கடன் 10 லட்சமும் சங்கத்தின் தலையில். இப்போது 20 லட்சம், சுமக்க 40 பேர். ஆளுக்கு 50,000. அடுத்து விலகுபவர்கள் யார்? நன்றாகச் சம்பாதிப்பவர்கள். இழக்க அதிகம் இருப்பவர்கள் அவர்கள்தானே. நேர்மையாகச் சங்கத்தில் பால் ஊற்றிக்கொண்டே இருந்தவர் தலையில் ஊரின் கடன் முழுதும் விழுகிறது. இந்த அமைப்பின் மிகக் கொடுமையான பகுதி இதுதான்.

1980களில் இது கற்பனைக் கணக்காக இருக்கவில்லை. 1984இல் இஸ்ரேலின் பணவீக்கம் 400 விழுக்காட்டைத் தாண்டியது. அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கடன் வாங்குவது லாபமாகவே தெரிந்தது. திருப்பிக் கட்டும்போது பணத்தின் மதிப்பு கரைந்திருக்கும். 1985 ஜூலையில் அரசு விலைவாசியை அடக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பணவீக்கம் சட்டென்று விழுந்தது. வட்டி அதே வேகத்தில் விழவில்லை. கடன் கரைவது நின்று, பெருகத் தொடங்கியது. மோஷாவ் சங்கங்கள் தனியாகவும் கடன்பட்டிருந்தன, வட்டார வாங்கல் அமைப்புகள் வழியாக ஒன்றுக்கொன்று ஜாமீனாகவும் நின்றன. ஓர் ஊரின் ஓட்டை அடுத்த ஊரையும் இழுத்தது.

1992இல் 'கால் சட்டம்' (Gal Law; கால் என்பது ஓர் ஆளின் பெயர்) என்று பொதுவாக அழைக்கப்படும் சட்டம் வந்தது. கடனில் ஒரு பகுதி தள்ளுபடி. மீதிக்கு ஒவ்வொரு உழவரின் திறனையும் பார்த்துத் தனித்தனித் தீர்வு. உழவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பொது வாங்கல், பொது விற்றல் என்ற பழைய கட்டு பல ஊர்களில் திரும்ப வரவில்லை.

உழவர் அல்லாதவர்களின் ஊர்கள்

நஹலாலுக்குப் போனவர்கள் தாங்களே விரும்பிப் போனவர்கள். முன்பே ஆண்டுக்கணக்கில் வயலில் வேலை செய்தவர்கள். இஸ்ரேல் நாடு உருவான 1948க்குப் பிறகு கதை மாறியது. ஏமன், மொராக்கோ, ஈராக், குர்திஸ்தான் என்று பல இடங்களிலிருந்து ஏராளமானோர் வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்த அரசு கையிலெடுத்த கருவி மோஷாவ். குடும்பத்தைச் சிதைக்காமல் ஓர் உழவரை உருவாக்க கிப்புட்ஸை விட இது ஏற்றது என்று கருதினார்கள். 1950களின் நடுவில் "கப்பலிலிருந்து நேரே ஊருக்கு" என்பதே கொள்கை. 1948 போரில் பாலஸ்தீன மக்கள் வெளியேறிய, வெளியேற்றப்பட்ட கிராமங்களின் நிலத்தில் இந்தப் புதிய ஊர்கள் பல எழுந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்திலிருந்து போனவர்களும் இதில் உண்டு. கொச்சி யூதர்கள், மலையாளம் பேசியவர்கள், ஏறத்தாழ முழுச் சமூகமாகவே 1950களின் நடுவில் கப்பலேறினார்கள். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தில் அவர்கள் வருகை முதலில் தடைப்பட்டிருந்தது. வந்தவர்கள் நெவாதிம், மெசிலாத் சியோன், தாவோஸ், அவியேசர், க்ஃபார் யுவால் போன்ற மோஷாவ்களில் அமர்ந்தார்கள்.

நெவாதிம் பேர்ஷெபாவுக்குக் கிழக்கே, நெகேவ் வறண்ட நிலத்தில் இருக்கிறது. 1946 அக்டோபரில் ஒரே இரவில் நிறுவப்பட்ட 11 குடியிருப்புகளில் ஒன்று. 1954இல் கொச்சிக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். கொச்சியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில். பேர்ஷெபாவில் 200 மில்லிமீட்டர் பக்கம். வந்தவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்களும் சிறு வியாபாரிகளும். தென்னையும் காயலும் பார்த்த கண்ணுக்கு முன்னால் தூசி மண்.

இந்த ஊர்களில் என்ன தவறு நடந்தது என்பதும் புரிந்துகொள்ளத்தக்கதே. என்ன பயிர், எத்தனை கோழி என்பதை வெளியிலிருந்து வந்த பயிற்றுநர் தீர்மானித்தார். சங்கக் கணக்கு எபிரேய மொழியில் இருந்தது, உறுப்பினருக்கு அது படிக்கத் தெரியாது. பற்று எங்கே, வரவு எங்கே என்று விளங்காமல் "உழைத்தும் கடன்காரனாக இருக்கிறேன்" என்ற மனக்கசப்பு வளர்ந்தது. ஒரே ஊரில் இரண்டு மூன்று நாட்டினரைச் சேர்த்து வைத்த இடங்களில் சங்கத் தேர்தலே சண்டையானது. அதனால் பின்னாளில் ஒரே பின்னணி உள்ளவர்களை ஓர் ஊரிலும், வெவ்வேறு பின்னணி ஊர்களை ஒரு பொது மையத்தைச் சுற்றியும் அமைத்தார்கள். பள்ளியும் மருத்துவ நிலையமும் அந்த மையத்தில். கொச்சிக்காரர்கள் சேர்ந்தே இருந்தது அவர்களுக்கு உதவியது. நெவாதிமில் இன்று கொச்சிப் பாணியில் ஒரு தொழுகைக் கூடமும், கொச்சி யூத மரபுக்கான அருங்காட்சியகமும் இருக்கின்றன.

ஒரு வாரிசு, இரண்டு அவைகள்

நஹலாவைத் துண்டாக்க முடியாது என்பதால் அதைத் தொடர்பவர் ஒரே ஒரு பிள்ளைதான். அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'தொடரும் மகன்' என்ற பொருள் தருவது, மகளும் ஆகலாம். நிலம் சிதறாமல் காத்த அதே விதி, நான்கு பிள்ளைகளில் மூவரை ஊரை விட்டு அனுப்பியது. வழக்கு மன்றங்களில் இன்றும் வந்து நிற்கும் குடும்பச் சண்டைகளில் இது ஒரு பெரிய வகை.

சுய உழைப்பும் தேய்ந்தது. 1967க்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள். 1990களிலிருந்து தாய்லாந்துத் தொழிலாளர்கள். பல ஊர்களில் சில குடும்பங்கள் மட்டும் மற்றவர்களின் வயலையும் சேர்த்து உழுகின்றன.

1990களில் ஊரோரத்தில் புதிய மனைகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் அரைத் தூனம் அளவில், வீடு கட்ட மட்டும். வெளியூர் போன பிள்ளைகளும் நகரத்துக்காரர்களும் வந்தார்கள். இவர்கள் உழவர்கள் இல்லை, சங்க உறுப்பினர்களும் இல்லை. எனவே இன்றைய மோஷாவில் இரண்டு அவைகள் செயல்படுகின்றன. கூட்டுறவுச் சங்கம்: நிலம், பழைய சொத்து, உழவு இவற்றுக்கு; நஹலா வைத்திருப்பவர்களுக்கே வாக்கு. ஊர்க் குழு: குப்பை, சாலை விளக்கு, பூங்கா இவற்றுக்கு, குடியிருக்கும் எல்லாருக்கும் வாக்கு. ஊர் நடுவில் நிற்கும் பழைய பால் நிலையக் கட்டடம் யாருடையது என்று கேட்டால், இரண்டு அவைகளும் தங்களுடையது என்றுதான் சொல்லும்.